க்ளைவ் ஹாட்ரிக்கின் அசல் மேகசின்

சர்க்கரை வேண்டாம், சார்ஜென்ட். பால் மட்டும் போதும். டாக்டர் நிறுத்தச் சொல்லிப் பல வருஷமாகிறது. நான் நிறுத்தியது கொஞ்சம் தாமதமாகத்தான்.

எதிரே கோர்ட்டில் க்ளைவ் ஹாட்ரிக்கின் மரண விசாரணை மதியம் முடிந்துவிட்டது. விபத்து என்று முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் அவன் மனைவி நோலினுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு பப்புக்குப் போயிருக்கிறார்கள். நான் மட்டும் சாலையைக் கடந்து இங்கே வந்தேன். சிட்னியிலிருந்து சாட்சி சொல்ல வந்த நிபுணர் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். யாரிடம் சொன்னால் அது மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதென்றால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை. மறைத்து வைப்பதும் ஒரு வேலைதான். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

பெயர் வார்விக் டன்ஸ்டன். ஊரில் பாதிப் பேர் என்னை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். ஓய்வு பெறும்வரை இறைச்சிக் கூடத்தில் குளிர் அறைக் காவல், இரவு முறை. ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிறவனை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. எனக்கு இருந்த மரியாதை முழுவதும் மாதர் சங்கக் கூடத்தில், பச்சைத் துணி விரித்த ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தது. எங்கள் பழைய துப்பாக்கிச் சங்கம் வருஷத்துக்கு இரண்டு கண்காட்சி நடத்தும். அங்கே பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் என் முன்னால் வரிசையில் நிற்பார்கள். நிலம் நீச்சு உள்ளவன், வக்கீல், பல் டாக்டர், எல்லோரும்தான்.

பெரும்பாலும் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகள். அதன் அடிவயிற்றில் செருகுகிற இரும்புக் கூடுதான் மேகசின். பத்துத் தோட்டா கொள்ளும். துப்பாக்கியில் மற்றதெல்லாம் நூறு வருஷம் தாங்கும். மேகசின்தான் தொலையும், நசுங்கும். அதனால் பின்னாளில் யார் யாரோ அதைச் செய்து விற்றார்கள். ராணுவத்துக்காக அந்தக் காலத்தில் செய்தது அசல். பிறகு வெளியார் செய்தது மாற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய முத்திரையைக்கூட இப்போது அப்படியே அடித்துவிடுகிறார்கள்.

வித்தியாசம் வாய் விளிம்பில் இருக்கிறது. தோட்டா அந்த வாய் வழியாகத்தான் மேலே ஏறும். அந்தக் காலத்தில் ராணுவப் பட்டறைக்காரன் ஒவ்வொரு மேகசினையும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியில் செருகிப் பார்த்து, விளிம்பை இடுக்கியால் வளைத்து, கல்லால் தேய்த்து, ஓடுகிற வரைக்கும் சரிசெய்வான். உள்பக்கமாக விரலை ஓட்டினால் பல காலம் புழங்கிய கரண்டி மாதிரி மழமழவென்று இருக்கும். மாற்றில் அச்சு வெட்டிய பிசிறு விரலில் தட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன். எல்லோரும் சத்தமில்லாமல் என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு துப்பாக்கிக்கென்று வளைத்த அசல் மேகசின் இன்னொன்றில் ஒழுங்காக ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் தோட்டா ஏறும். இரண்டாவது மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். மாற்று பல நேரம் எல்லாவற்றிலும் ஓடிவிடும். ஆனால் எங்கள் கூடத்தில் ஓடுமா என்று யாரும் கேட்டதில்லை. அசலா என்றுதான் கேட்பார்கள்.

சர்க்கரை முதலில் காலைப் பிடித்தது, பிறகு விரல் நுனிகளை. கையில் எப்போதும் கம்பளி உறை போட்டிருப்பது மாதிரி ஒரு மரப்பு. நான் யாரிடமும் சொல்லவில்லை. விளிம்பில் விரலை ஓட்டுவேன், ஒன்றும் தெரியாது, கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பேன். அப்பன் விட்டுப்போனது என்று நம்புகிறவன் ஒரு மாதிரி நிற்பான். இணையத்தில் வாங்கிவிட்டு எச்சில் விழுங்குகிறவன் வேறு மாதிரி நிற்பான். இரும்பைவிட மனிதனைப் படிப்பது எளிது. அப்படிச் சில வருஷம் ஓடியது. பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

க்ளைவ் மட்டும் கண்டுபிடித்தான். எங்கள் இருவருக்கும் இருபத்தைந்து வயதிலிருந்து பழக்கம். ஆற்றோரத்தில் அவனுக்கு ஆட்டுப் பண்ணை. என் வேலை முடிந்து விடிகிற நேரத்தில் அவன் எழுந்து டீ போட்டிருப்பான். இருவரும் சேர்ந்து பன்றி வேட்டைக்குப் போவோம். இந்தப் பக்கம் காட்டுப்பன்றி ஆட்டுக்குட்டிகளை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். தொப்பியைக் கழற்றினால் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

"கோவிச்சுக்காத. செப்டம்பர்ல நான் ஒரு மேகசின் வெச்சேன், மாத்துன்னு தள்ளின. போன வாரம் அதையே நம்ம சங்கத்து பேஸிலோட துப்பாக்கியில செருகி, அவனை உன் வீட்டுக்கு அனுப்பினேன். அசல்னு சொல்லி கை குலுக்கிட்ட."

"என்னைச் சோதிச்சுப் பாத்தியா?"

"சந்தேகம் வந்துருச்சுடா. டீக் கப்பைக் கைப்பிடி இல்லாமப் பிடிக்கிற. கொதிக்கக் கொதிக்க. சூடே தெரியல உனக்கு."

எவ்வளவு காலமாக என்று கேட்டான். கொஞ்ச நாளாகத்தான் என்றேன். அவன் நம்பவில்லை, ஆனால் நம்புகிறவன் மாதிரி தலையாட்டினான்.

"பேசாம விட்டுடேன். டீ ஊத்துற ரோஸ்லின் சங்கத்து சார்புல ஒரு கேடயம் குடுப்பா. நாலு பேர் புளுகுவாங்க. லாமிங்டன் கேக்கைத் தின்னுட்டு வீட்டுக்குப் போவோம்."

நான் டீக் கப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி, விட வேணாம். நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன், சீட்டு எழுதுறவன் மாதிரி. எல்லாம் என் கை வழியாத்தான் உனக்கு வரும். அசல்னா மேசைக்கடியில கால்ல ஒரு தட்டு. மாத்துன்னா ரெண்டு. ஒரு பயலுக்கும் தெரியாது."

நல்ல மனிதன். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அவன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் கண்காட்சியில் அப்படித்தான் நடந்தது. காலையெல்லாம் அவன் கால் தட்டியது, நான் வாயைத் திறந்தேன். மதியத்துக்குப் பிறகு டெனிஸ் ஓகில்வி வந்தான், ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. க்ளைவின் காலுக்குக் காத்திருக்காமல் அசல் என்று சொல்லிவிட்டேன். ஷூ நுனியில் இரண்டு தட்டு. நான் அசையவில்லை. மறுபடி இரண்டு, இந்தத் தடவை வலிக்கிற மாதிரி. என் காலில் வலி தெரிவதே அதிசயம். வெளிச்சம் சரியில்லை, இது மாற்றுத்தான் என்று மாற்றிச் சொன்னேன்.

டெனிஸ் கூடத்தைப் பார்த்துத் திரும்பிச் சொன்னான்: "என்ன ஜட்ஜு, அரை நிமிஷத்துல தீர்ப்பு மாறுது? வெளியில கோர்ட்டுன்னா அப்பீலுக்கு வருஷக்கணக்காகுமே."

கூடமே சிரித்தது. ரோஸ்லின் டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். க்ளைவ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சீட்டில் எழுதிக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக.

எப்போது முடிவு செய்தாய் என்று கேட்பீர்கள். அப்போதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். கோபம் இல்லை. ஒரு கணக்கு மாதிரி தோன்றியது. அவன் இருக்கிற வரைக்கும் நான் அவன் காலுக்குக் காத்திருக்கிற ஆள். அவன் இல்லாவிட்டால் நான் மறுபடி ஜட்ஜ். வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். விட்டுவிடலாம் என்று அவன் சொன்னது ஒரு வழிதான். அதை நான் வழியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் சங்கத்தில் புழக்கப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதை ஏற்படுத்தியவனே நான்தான். கண்காட்சிக்கு ஒரு மேகசின், காட்டுக்கு ஒரு மேகசின் என்று வைத்துக்கொண்டு பரிசு வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். அதனால் மேசையில் எதை வைக்கிறாயோ அதோடுதான் வேட்டைக்கும் போக வேண்டும் என்று விதி போட்டேன். சோதிக்க வழியில்லை, வாக்குத்தான். பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். க்ளைவ் மறக்க மாட்டான். யாரும் பார்க்காத இடத்தில், தன் சொந்த நிலத்தில், பன்றியைத் தவிர வேறு சாட்சி இல்லாதபோதும் அந்த விதியைக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் அவன்தான். அதை வைத்து நான் அவனோடு நிறையக் கேலி பேசியிருக்கிறேன்.

அந்த ஏப்ரல் கண்காட்சியில் கடைசியாக அவன் துப்பாக்கி வந்தது. அவன் சித்தப்பா போரிலிருந்து வந்து வைத்திருந்தது, அவன் கைக்கு வந்த நாளிலிருந்து அதில் அதே மேகசின்தான், எத்தனையோ பன்றி விழுந்திருக்கிறது. நான் விரலை ஓட்டினேன். மேசைக்கடியில் அவன் கால் அசையவில்லை. தன் பொருளுக்குத் தானே சொல்லக்கூடாது என்று நினைத்திருப்பான். மாற்று என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஜட்ஜு சொன்னா சரிதான்" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கூட்டம் கலைந்தபிறகு, என்னிடம் நல்ல அசல் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள், அடுத்த கண்காட்சியில் பரிசு உனக்குத்தான் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

என் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டு மேகசின்கள் இருந்தன. ஒன்று அசல். எந்தத் துப்பாக்கிக்கென்று வளைத்ததோ, அது எங்கேயோ போய்விட்டது. என்னுடையதில் போட்டேன், இரண்டாவது தோட்டா சிக்கியது. பேஸிலுடையதில் போட்டோம், சிக்கியது. யாருக்கும் உதவாத அசல். மற்றது யாரோ கண்காட்சியில் தோற்ற கோபத்தில் மேசையிலேயே விட்டுப்போன மாற்று, எதில் போட்டாலும் ஓடும். நான் அசலை எடுத்துத் துடைத்து அவனுக்குக் கொடுத்தேன்.

எப்படித் தெரியும் என்கிறீர்கள். கையில் எடுத்தேன், தெரிந்தது. என் விரலைப் பற்றி நான் சொன்னதை வைத்து நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் அடுத்தவன் பொருள் வேறு, என் டப்பாவில் நான் வைத்த பொருள் வேறு. கண்ணும் இருக்கிறதே. கொஞ்சம் மங்கல்தான், போன வருஷம் கண்ணில் ஊசி போட்டார்கள். சமையலறையில் வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவன் போன் செய்தான். வேலியோரத்தில் தகரம் வைத்துச் சுட்டுப் பார்த்தானாம். "தண்ணி மாதிரி போவுதுடா, ஒரு சிக்கல் இல்ல. இவ்வளவு நாள் இதை டப்பாக்குள்ள பூட்டி வெச்சிருந்தியே, பாவி" என்றான். எனக்காக அப்படிச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் மறுபடி தவறிவிட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கு மனம் வராது. அவன் அப்படிப்பட்டவன். சிக்குகிற மேகசினை வாய்பேசாமல் செருகிக்கொண்டு போவான், விதி விதிதான், நண்பன் நண்பன்தான். எல்லாவற்றையும் அதை நம்பித்தான் செய்தேன்.

ஜூலையில் ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்தது. பெரிய ஆண் பன்றி ஒன்று ஆட்டுக்குட்டிகளைத் தின்றுகொண்டிருக்கிறது, வா என்று கூப்பிட்டான். மதியம் நோலின் உப்பு மாட்டிறைச்சி வைத்து ரொட்டி கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வண்டியில் சதுப்புப் பக்கம் போனோம். நாங்கள் போகிற முறை ஒன்று உண்டு. முன்னால் ஒருவன், பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் ஒருவன். முன்னால் போகிறவன் முதலில் சுடுவான். சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, ஒரு முழங்காலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துவிடுவான். பின்னால் நிற்கிறவன் அவன் தலைக்கு மேலே சுடுவான். புதருக்குள் இருவரும் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் சுட்டால் யாராவது யாரையாவது சுட்டுக்கொள்வோம். அதற்காக இளவயதிலேயே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம்.

வண்டியை விட்டு இறங்கும்போது எப்போதும் சொல்கிறதையே சொன்னான். "மொத வெடி எனக்கு. ரெண்டாவது உனக்கு. மூணாவது தேவைப்பட்டா பன்னிகிட்ட குடுத்துருவோம், அது சுட்டுக்கட்டும்."

நானும் எப்போதும் போலச் சிரித்தேன்.

பன்றி லிக்னம் புதரிலிருந்து நாங்கள் நினைத்த பக்கம்தான் வந்தது. க்ளைவ் சுட்டான். கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. அது ஒரு சுற்றுச் சுற்றி அவனை நோக்கித் திரும்பியது. அடுத்த தோட்டாவை ஏற்றுகிற போல்ட்டை அவன் பின்னால் இழுத்த சத்தம் கேட்டது. முன்னால் தள்ளிய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்தான். இரண்டாவது தோட்டா சிக்கிவிட்டது, குனிந்து அதை எடுக்கப் பார்க்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

"வார்விக்" என்று கூப்பிட்டான். கத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. தலையை நிமிர்த்தவில்லை.

பன்றி அவன் தொடையில் குத்தியது. பன்றியின் தந்தம் எங்கே குத்தும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது மறுபடி திரும்பி நின்றபோது நான் அதைச் சுட்டேன். காதுக்குப் பின்னால், ஒரே தோட்டா. பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினேன். அவனை இழுத்து வண்டியில் ஏற்றினேன். அந்தப் பக்கம் போன் எடுக்காது. முடிந்த வேகத்தில் ஓட்டினேன். பாதி வழியில் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"உன்னுது சிக்கிக்கிச்சாடா?" என்று கேட்டான்.

இரத்தம் அவ்வளவு போனபிறகு மனிதனுக்குப் புத்தி தெளிவாக இருக்காது. தன் துப்பாக்கியைத்தான் சொல்கிறான் என்று புரிந்துகொண்டு, ஆமாம் என்றேன். அவனுக்கு அது நிம்மதியாக இருந்த மாதிரி தெரிந்தது. "அதான பாத்தேன்" என்றான். பண்ணை வாசலுக்கு வரும்போது அவன் இல்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் நோலின் என்னிடம், நீ கூட இருந்தாயே, அவன் தனியாகச் சாகவில்லை, அது போதும் எனக்கு என்றாள். சவப்பெட்டியைத் தூக்குகிறவர்களில் முதல் ஆளாக என்னை வைத்தாள். நான் பேசவும் செய்தேன். எல்லாம் உண்மையாகத்தான் பேசினேன், அவனைப் போல வாக்குத் தவறாத மனிதன் இல்லை என்று.

இன்றைக்கு நடந்த விசாரணைக்கு வருவோம். என்னை முதலில் கூப்பிட்டார்கள். எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது என்று சொன்னேன். மரண விசாரணை அதிகாரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, அந்த நேரத்தில் கை கொஞ்சம் தாமதமானதில் யாரும் குறை சொல்ல முடியாது என்றார். நோலின் தலையாட்டினாள். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

பிறகு அந்த நிபுணரைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. வெள்ளைக் கையுறை. க்ளைவின் துப்பாக்கியிலிருந்த மேகசினை விளக்கடியில் தூக்கிப் பிடித்து, இது அசல் இல்லை, பின்னாளில் செய்த மாற்று, ஆனால் நல்ல நிலையில் இருக்கிறது என்றார். வைத்துச் சுட்டுப் பார்த்தார்களாம், ஒருமுறைகூடச் சிக்கவில்லையாம். சம்பவ இடத்தில் துப்பாக்கியை எடுத்தபோது இரண்டாவது தோட்டா குழலுக்குள் ஏறி, போல்ட் முழுவதும் பூட்டியிருந்ததாம். துப்பாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை, சுடத் தயாராக இருந்தது என்றார்.

சங்கத்தில் பாதிப் பேர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேகசினைக் கொடுத்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும், க்ளைவே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். மாற்று என்ற சொல்லைக் கேட்டதும் டெனிஸ் ஓகில்வி பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, துக்க நேரம். ஆனால் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். ரோஸ்லின் பார்த்தாள், பார்த்துவிட்டு இரக்கத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால்தான் வந்தேன்.

கையுறை போட்டுக்கொண்டு விளிம்பைத் தொட்டால் என்ன தெரியும், சார்ஜென்ட்? நீங்களே சொல்லுங்கள். சிக்கவில்லை என்கிறார். ஆய்வு மேசையில் இறுக்கி வைத்துச் சுட்டால் சிக்காது. போல்ட் பூட்டியிருந்தது என்கிறார். துப்பாக்கி கீழே விழுந்த வேகத்தில் பூட்டியிருக்கலாம். அப்படித் தானாகப் பூட்டாது என்கிறீர்களா? நீங்களும் துப்பாக்கி பிடிக்கிறவர், ஒத்துக்கொள்கிறேன், பொதுவாகப் பூட்டாது. பன்றி மிதித்திருக்கலாம்.

நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. நான் டப்பாவிலிருந்து மாற்றி எடுத்திருந்தால், ஓடுகிற மேகசினையே கொடுத்திருந்தால், கொடுத்ததில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. மனதில் என்ன நினைத்திருந்தாலும் அவன் கையில் இருந்தது நல்ல துப்பாக்கி. விரல் மரத்துப்போன கிழவன் தெரியாமல் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அன்போடுதான் சொல்கிறீர்கள். க்ளைவும் இப்படித்தான், அன்போடுதான் சொன்னான்.

நான் மாற்றி எடுக்கவில்லை.

என் துப்பாக்கியா? கையில்தான் இருந்தது. ஆமாம், தோட்டா ஏற்றித்தான் இருந்தது. தூரம் இந்த அறையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அவன் தலை நன்றாகக் கீழே இருந்தது, வழி திறந்து கிடந்தது, பன்றி முழுதாகத் தெரிந்தது. இல்லை, விரல் தடுமாறவில்லை, பிறகு ஒரே தோட்டாவில் சுட்டேன் என்று சொன்னேனே. ஏன் காத்திருந்தேன் என்கிறீர்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். சிக்குகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் உடனே சுட்டிருந்தால் மேகசின் சிக்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆமாம், எப்போதும் அவன் அப்படித்தான் முழங்காலில் உட்காருவான், அது எங்கள் முறை என்று சற்று முன்பு நான்தான் சொன்னேன். அன்றைக்கு அவன் உட்கார்ந்தது அதற்காக இல்லை. சிக்கியதால் உட்கார்ந்தான். எனக்கு வழிவிடுவதற்காக இல்லை.

இதை எழுதிக்கொள்ளுங்கள். க்ளைவ் ஹாட்ரிக்கைக் கொன்றது ஓர் அசல் மேகசின். அது சிக்கும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், கோர்ட்டில் அந்த மாற்று என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நான் சுடாமல் நின்றதைப் பற்றி எழுத வேண்டாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.